பி.எஸ்.ஏ. எம்20 சைடு வால்வுக்கு எந்த கார்ப்? பழைய அமலா, மிக்கார்பா, சைனாவா?

ஒற்றியூர்_எம்20:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி பி.எஸ்.ஏ. எம்20, மிலிட்டரி டிஸ்போசல் சரக்கு, 496 சி.சி. சைடு வால்வ். கார்ப் (கார்புரேட்டர்) அமல் 276, போர் 1 அங்குலம். தற்போதைய நிலவரம்:

சூடு ஏறாத வரைக்கும் ஐடிலிங் நிக்குது. 10 நிமிஷம் ஓடினதும் ஏறி இறங்குது, ஆக்சிலேட்டரை விட்டா அணையுது. ஆக்சிலேட்டரைத் திருகினா கார்ப் உள்ளே ஏறி இறங்குற ஸ்லைடை விரலால் ஆட்டினா பக்கவாட்டுல கடகடன்னு ஆடுது. ஃப்ளோட் அறை வழியுது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ல கொஞ்ச நேரம் நின்னுட்டா அப்புறம் கிக் அடிச்சு மாளல.

கடையில ரெண்டு வழி சொல்றாங்க. ஒண்ணு புல்லட் 500-க்கு வந்த மிக்கார்ப் வி.எம்.28. இன்னொண்ணு சைனா 30 மி.மீ. புதுசு. பழசைத் தூக்கிப் போடச் சொல்றாங்க. எதை எடுக்கலாம்?

பீச்ரோடு_பிஸ்டன்:
500 சி.சி.க்கு 30 தான் தல. 32 கூடத் தாங்கும். காத்து நிறைய போனா இழுவை நிறைய. இதுல யோசிக்க இன்னா இருக்கு?

லேத்_தண்டையார்பேட்டை:
யோசிக்க நிறைய இருக்கு. கார்பை சி.சி. பார்த்து வாங்கக் கூடாது, இன்ஜின் இழுக்கிற காத்தைப் பார்த்து வாங்கணும். கணக்கு இதோ.

எம்20 தன்னோட 13 குதிரைசக்தியைக் கொடுக்கிறது 4,200 ஆர்.பி.எம்.ல. நாலு ஸ்ட்ரோக், அதனால ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் காத்து இழுக்கும். 0.496 லிட்டரை 2,100-ஆல் பெருக்கினா நிமிஷத்துக்கு சுமார் 1,040 லிட்டர். இப்போ நம்ம ஊர் புல்லட் 350-ஐ எடுங்க. 346 சி.சி., 18 குதிரைசக்தி, 5,625 ஆர்.பி.எம். அதே கணக்குல சுமார் 970 லிட்டர். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. அந்த புல்லட்டுக்கு கம்பெனி மாட்டினது வி.எம்.24.

இது சிலிண்டர் முழுசா நிரம்பினா வர்ற அளவு. சைடு வால்வுல அது நடக்காது. காத்து வால்வைத் தாண்டி மேலே போய், ஹெட்ல மடங்கி, பக்கவாட்டுல நகர்ந்து அப்புறம்தான் சிலிண்டர் போருக்குள்ள இறங்குது. கம்ப்ரஷன் வேற 4.9 தான். மூச்சுக்குழாயே குறுகல், வாயைப் பெருசாக்கி என்ன பிரயோஜனம்?

பெரிய போர் போட்டா கெடுதல் கீழ் வேகத்துல தெரியும். 25.4-லிருந்து 30-க்குப் போனா அதே காத்துக்கு வேகம் 28 சதவீதம் குறையும். பெட்ரோலை ஜெட்டுலேர்ந்து உறிஞ்சுற இழுப்பு, வேகத்தோட வர்க்கத்துல போகும். அதனால இழுப்பு பாதியாயிடும். ஆக்சிலேட்டரைத் திறந்ததும் 'ப்ச்' னு ஒரு தும்மல், அப்புறம் ஒரு விக்கல், அதுக்கப்புறம்தான் இழுவை. சைடு வால்வ் வண்டியோட அழகே 1,500-லிருந்து 2,500 வரைக்கும் இருக்கிற இழுவைதான். 30 போட்டா அதைத்தான் முதல்ல தொலைப்பீங்க.

என் வரிசை: நல்லா இருக்கிற 276. இல்லன்னா அமல் கான்சென்ட்ரிக் 626, அது 26 மி.மீ. அதுவும் இல்லன்னா வி.எம்.24. வி.எம்.28-ஐ சமாளிக்கலாம், இழுப்பு மூணுல ஒரு பங்கு போகும். 30-ஐ விட்டுடுங்க.

பீச்ரோடு_பிஸ்டன்:
சரி, கணக்குல அடிச்சிட்டீங்க 🙂 அப்போ 30 வாபஸ். ஆனா 24-ல டாப் எண்ட் இறங்காதா?

லேத்_தண்டையார்பேட்டை:
கடைசி 5 கி.மீ. வேகம் கொஞ்சம் குறையலாம். எம்20-ஐ அந்த வேகத்துல ஓட்டுறவங்க பிக் எண்ட் பேரிங்குக்கும் தனியா காசு எடுத்து வைக்கட்டும்.

மேக்னெட்டோ_மாமா:
கார்ப் வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை. நீங்கள் சொன்ன அடையாளங்களில் பாதிக்கு மேல் கார்பைச் சேராதவையாக இருக்கலாம். சூடானதும் ஐடிலிங் ஏறி இறங்குகிறது என்றால், முதல் சந்தேகம் வேறு வழியாகப் புகும் காற்று. பின்வரும் வரிசையில் பாருங்கள். எதற்கும் பெரிய செலவு இல்லை.

முதலில் மேக்னெட்டோ பாயின்ட் இடைவெளி 0.012 அங்குலம், அதாவது 0.3 மி.மீ. அட்வான்ஸ் லீவர் கேபிள் முழுதாக நகர்கிறதா என்றும் பாருங்கள். டைமிங் பின்தங்கி நின்றால் இன்ஜின் கொதிக்கும், கார்ப் பழி சுமக்கும்.

அடுத்து ஃப்ளாஞ்ச், அதாவது கார்ப் இன்ஜினோடு சேரும் தட்டை முகம். கார்பைக் கழற்றி, ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் 400 நம்பர் எமரி ஷீட்டை விரித்து, ஃப்ளாஞ்ச் முகத்தை எட்டு வடிவில் நான்கு தடவை தேயுங்கள். இரண்டு போல்ட் காதுகளும் பளபளத்து, நடுத் துளையைச் சுற்றி மங்கலாகவே இருந்தால் ஃப்ளாஞ்ச் வில்லாக வளைந்திருக்கிறது என்று அர்த்தம். யாரோ ஸ்பேனரில் பலத்தைக் காட்டியதன் பலன். முகம் முழுவதும் ஒரே மாதிரி மங்கும் வரை தேய்த்தால் போதும். கேஸ்கெட்டை இரண்டாக மடித்துப் போட்டு அடைப்பது வேண்டாம். காதுகள் இன்னும் வளையும்.

மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை: இன்லெட் வால்வ் கைடு. சைடு வால்வில் கைடு கீழே, டாப்பெட் அறைக்குள் இருக்கிறது. கைடு தேய்ந்திருந்தால் காற்று அங்கிருந்து ஏறும். வெளியே ஃப்ளாஞ்சைச் சுற்றி எண்ணெய் விட்டுப் பார்க்கும் சோதனையில் இது சிக்காது. டாப்பெட் மூடியைக் கழற்றி, இன்ஜினை ஐடிலிங்கில் வைத்து, சிரிஞ்சால் இன்லெட் கைடின் அடியில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விடுங்கள். எண்ணெய் தெறிக்கும், சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐடிலிங் சட்டென்று சீரானால் குற்றவாளி கைடுதான். எந்த நாட்டு கார்பை மாட்டினாலும் அந்த இன்ஜின் ஐடிலிங்கில் நிற்காது.

இந்தச் சோதனைகளுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சாதீர்கள். மேக்னெட்டோ பொறி பக்கத்திலேயே இருக்கிறது.

ஒற்றியூர்_எம்20:
ரொம்ப நன்றிங்க. பாயின்ட் 0.012 சரியா இருக்கு. ஃப்ளாஞ்ச் நீங்க சொன்ன மாதிரியேதான், காது ரெண்டும் பளபள, நடுவுல மங்கல். கைடு சோதனையில மாற்றம் எதுவும் தெரியல, அப்போ கைடு ஓகேன்னு எடுத்துக்கறேன். ஸ்லைடு ஆட்டத்தை அளந்தேன்: போருக்கும் ஸ்லைடுக்கும் 0.3 மி.மீ. வித்தியாசம்.

லேத்_தண்டையார்பேட்டை:
0.3 ரொம்ப ஜாஸ்தி. புதுசுல 0.1-க்குள்ள இருக்கும். 0.25 தாண்டினா ஐடிலிங்கை மறந்துடலாம். ஸ்லைடு ஆடும்போது அதைச் சுத்திக் காத்து போகும், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடுற பைலட் என்ன கொடுத்தாலும் பத்தாது.

பாடியில விரிசல் இல்லன்னா ஸ்லீவ் போடலாம். முறை இதுதான்:

பாடி வார்ப்பு துத்தநாகக் கலவை, மெத்து. நேரா சக்ல பிடிச்சா நசுங்கிடும். ஃப்ளாஞ்சை ஒரு ஆங்கிள் பிளேட்ல போல்ட் போட்டு, ஸ்லைடு போருக்கு டயல் வச்சு மையம் பார்க்கணும். தேய்மானம் முன் பின் ரெண்டு பக்கம்தான் இருக்கும், போர் முட்டை வடிவம். அதனால தேயாத மேல் விளிம்புல டயல் வைங்க. அதிலேர்ந்து 1 மி.மீ. விட்டம் கூடுதலா போரிங். ஜெட் பிளாக் உட்கார்ற கீழ்ப்பகுதியைத் தொடவே கூடாது. அது போச்சுன்னா பைலட் பாதையோட சீல் போச்சு, பாடி பேப்பர் வெயிட்தான்.

ஸ்லைடுக்கு அரை மி.மீ. சுவர் கனத்துல பித்தளை ஸ்லீவ். ஸ்லைடைக் கடையாதீங்க, அதுவே தகடு மாதிரிதான் இருக்கு. ஸ்லீவை ஒட்ட அனரோபிக் ரீடெய்னிங் காம்பவுண்ட். சாதா எப்பாக்ஸி இப்போ வர்ற பெட்ரோல்ல நாளடைவுல இளகிடும், அப்புறம் ஸ்லீவ் நழுவி ஸ்லைடு திறந்தபடியே மாட்டிக்கும். நடுரோட்டுல அது விளையாட்டில்ல. கடைசியா ஸ்லைடோட அடி வெட்டை, அதாவது கட்அவே சாய்வை அப்படியே ஃபைல்ல இறக்கணும். முடிஞ்ச இடைவெளி 0.08-லிருந்து 0.1 மி.மீ. அதுக்குக் குறைச்சா சூட்டுல சிக்கும்.

பட்டறைக் கூலிக்கும் புது கார்ப் விலைக்கும் வித்தியாசம் பார்த்துக்கோங்க. இங்கிலாந்துல 276-ஐ இப்பவும் புதுசா பண்ணி விக்கிறாங்க. வரியும் அனுப்புற கூலியும் சேர்த்தா கண்ணு கட்டும், ஆனா மாட்டின அன்னைக்கே ஓடும்.

பித்தளை_ஃப்ளோட்:
வழியுதுன்னு சொன்னதை எல்லாரும் தாண்டிட்டீங்க. அதுக்கு கார்ப் மாத்தத் தேவையில்ல.

முதல்ல, சைடு ஸ்டாண்ட்ல நிக்கும்போது மட்டும் வழியுதா, நேரா நின்னாலும் வழியுதா? 276-ல ஃப்ளோட் அறை தனியா பக்கத்துல தொங்குது. வண்டி சாஞ்சா அறைக்கும் ஜெட்டுக்கும் நடுவுல மட்டம் மாறிடும். சாஞ்சா மட்டும் வழிஞ்சா அது நோயே இல்ல, பெட்ரோல் டேப்பை மூடுற பழக்கம் போதும்.

நேரா நின்னாலும் வழிஞ்சா ஃப்ளோட்டைக் கழட்டிக் காதுகிட்ட வச்சு ஆட்டுங்க. உள்ளே சலசலன்னா ஓட்டை. ஆவி பறக்கிற வெந்நீர்ல முக்கிப் பிடிச்சா ஓட்டை இருக்கிற இடத்துலேர்ந்து குமிழ் கோடு மாதிரி ஏறும். பென்சில்ல குறிச்சுக்கோங்க. உள்ளே இருக்கிற பெட்ரோல் மொத்தமும் வெளியே வர்ற வரைக்கும் வெந்நீர்லயே வச்சு எடுங்க, அப்புறம் ஒரு நாள் வெயில்ல. அதுக்கப்புறம் சால்டரிங் அயர்ன்ல ஒரு பொட்டு ஈயம். தீ காட்டற வேலையே கூடாது, உள்ளே ஆவி இருந்தா வெடிக்கும். வெயிட்டை முன்னாடியும் பின்னாடியும் நகைத் தராசுல பாருங்க. 1 கிராம் கூடினாலே ஃப்ளோட் தாழ்ந்து மிதக்கும், பெட்ரோல் மட்டம் ஏறும், திரும்ப வழியும். கூடுதல் ஈயத்தை ஃபைல் பண்ணி எடுத்துடுங்க.

ஃப்ளோட் நல்லா இருந்தா, பெட்ரோல் வரவை மூடுற ஃப்ளோட் நீடில். கூம்பு முனையில நகத்தை ஓட்டினா படி மாதிரி ஒரு வளையம் தட்டும், அதுதான் தேய்மானம். கீழிருந்து பெட்ரோல் ஏறுற மாடல்ல ஃப்ளோட் நீடிலை மேலே தூக்கித்தான் மூடும். அதனால சீட்டோட சேர்த்துத் தேய்க்கும்போது நீடிலை மேல்நோக்கி இழுத்துப் பிடிச்சு விரலால் சுத்தணும். பித்தளைப் பாலிஷ் போதும். வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் போட்டா சீட் அகண்டு போகும்.

காசிமேடு_கிக்கர்:
20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பத்தி யாராச்சும் சொல்லுங்கப்பா. அது வந்ததுலேர்ந்து என் நார்ட்டன் 16எச் சைலன்சர் வாய் வெளுத்துப் போச்சு.

மேக்னெட்டோ_மாமா:
வெளுக்கத்தான் செய்யும். சுத்தப் பெட்ரோலுக்கு 1 பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று. எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதம் கலந்ததற்குச் சுமார் 13.5. பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை 8 சதவீதம் போல லீன் ஆகிறது, அதாவது பெட்ரோல் பங்கு குறைகிறது. வால்வ் ஹெட்டில் இருக்கும் ஓ.எச்.வி. வண்டி ஓரளவு பொறுக்கும். சைடு வால்வ் பொறுக்காது. எக்ஸாஸ்ட் வால்வ் போருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, சூடெல்லாம் அந்த இரும்புச் சுவரில்தான் இறங்க வேண்டும். லீனாக ஓடினால் முதலில் எக்ஸாஸ்ட் சீட் தீயும். பிறகு சீட்டுக்கும் போருக்கும் நடுவே விரிசல். அதற்குப் பிறகு புது போர் தேட வேண்டியதுதான்.

அமல் ஜெட்டின் எண், நிமிடத்துக்கு எத்தனை சி.சி. பாய்கிறது என்பது. எம்20-க்கு 170. அதை 8 சதவீதம் கூட்டினால் 184. கிடைக்கும் அளவுகளில் 180-ஐப் போட்டுத் தொடங்குங்கள், 190-ஐயும் கையில் வைத்திருங்கள். ஜெட்டைக் கம்பி விட்டு அகலப்படுத்தாதீர்கள். துளையின் வாய் மாறினால் எண்ணுக்கே அர்த்தம் போய்விடும்.

மிக்கார்ப் ஜெட் எண்ணை அமல் எண்ணோடு ஒப்பிடவும் வேண்டாம். புல்லட் 500-இன் வி.எம்.28-இல் மெயின் 110, பைலட் 25. எண் சிறியதாக இருப்பதால் பெட்ரோல் குறைவு என்று பொருளில்லை.

பித்தளை_ஃப்ளோட்:
கூடவே ஒண்ணு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடல் ஓரத்துல ஒரு வாரம் வண்டியை எடுக்கலன்னா ஃப்ளோட் அறையைக் காலி பண்ணிடுங்க. இல்லன்னா அடியில வெள்ளையா மாவு படியும். அது துத்தநாகம் அரிச்ச மாவு. முதல்ல அடைபடுறது பைலட் துளைதான்.

பீச்ரோடு_பிஸ்டன்:
சந்தடி சாக்குல என் கேள்வி. சொந்தக்காரர்கிட்ட ஹார்லி டபிள்யூ.எல்.ஏ. 45 இருக்கு, லிங்கர்ட் கார்ப். அதுக்கும் இதே வைத்தியம்தானா?

பித்தளை_ஃப்ளோட்:
இல்ல, ரெண்டு இடத்துல மாறும். பழைய லிங்கர்ட்ல கார்க் ஃப்ளோட், மேலே அரக்கு பூசியிருப்பாங்க. அரக்கு எத்தனால்ல கரையும். கரைஞ்ச பிசுக்கு ஜெட்டை அடைக்கும், கார்க் பெட்ரோல் குடிச்சு முழுகும். அந்த ஃப்ளோட்டைக் கழட்டிட்டு பெட்ரோல் தாங்குற கருப்பு நைட்ரோஃபில் ஃப்ளோட் போடச் சொல்லுங்க. ரெண்டாவது, அமல்லயும் மிக்கார்ப்லயும் இருக்கிறது ஏர் ஸ்க்ரூ, உள்ளே திருகினா ரிச், அதாவது பெட்ரோல் பங்கு கூடும். லிங்கர்ட்ல லோ ஸ்பீடு நீடில் பெட்ரோலையே அடைக்கும், உள்ளே திருகினா லீன். இது தெரியாம திருகி நிறைய பேர் நாள் பூரா திணறுவாங்க.

ஒற்றியூர்_எம்20:
ஸ்லீவ் போடலாம்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா கேட்ல நின்னா ஸ்டார்ட் ஆகாத பிரச்சினை? அது இதுல தீருமா?

லேத்_தண்டையார்பேட்டை:
முழுசா தீராது. எம்20-ல கார்ப் நேரா இரும்பு சிலிண்டர் போர்ல உட்காருது. ஓடும்போது காத்து ஆத்தும். எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரி வரிசையில மாட்டினா போர் சூடு ஃப்ளாஞ்ச் வழியா ஏறி, ஃப்ளோட் அறையில பெட்ரோல் கொதிச்சு, ஆவி இன்லெட்ல நிரம்பும். அப்போ ஃப்ளோட்டை அமுக்கிப் பெட்ரோலை நிரப்புற டிக்லரை அமுக்குறது நெருப்புல எண்ணெய் ஊத்துற மாதிரி. ஏற்கெனவே ரிச்சா இருக்கு. ஆக்சிலேட்டரை முழுசா திறந்து, எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்குற டிகம்ப்ரஷரைப் பிடிச்சு நாலு கிக் சும்மா அடிச்சு ஆவியை வெளியேத்திட்டு, அப்புறம் மூடி ஒரு கிக்.

நிரந்தர வழி நடுவுல சூட்டைத் தடுக்க ஹைலம் ஸ்பேசர். பாரிமுனை எலெக்ட்ரிகல் கடைகள்ல பேனல் போர்டுக்கு விக்கிற அதே பழுப்பு ஹைலம் ஷீட், 6 மி.மீ. நடுத் துளை சரியா 25.4 இருக்கணும், விளிம்பு நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கமும் மெல்லிசா ஒரு பேப்பர் கேஸ்கெட். ஸ்டட் 6 மி.மீ. நீளமா வேணும், கார்பும் அவ்வளவு பின்னால தள்ளும், கேபிளும் ஏர் கிளீனர் ஹோஸும் இடிக்குதான்னு முதல்லயே வச்சுப் பாருங்க. நட்டுக்கு அடியில ஸ்ப்ரிங் வாஷர், ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அரைத் திருப்பு. ஒரே பக்கமா இறுக்கினா தேய்ச்சுச் சமமாக்கின ஃப்ளாஞ்ச் மறுபடி வில்லு.

யாராவது இதே வண்டிக்கு வி.எம்.28 மாட்டுறதா இருந்தா ஒரு குறிப்பு. 28-லிருந்து 25.4-க்கு ஒரே படியா இறங்கினா அந்த விளிம்புல பெட்ரோல் துளியாத் தேங்கும். அடாப்டர் குறைஞ்சது 25 மி.மீ. நீளம், உள்ளே டேப்பரா கடைஞ்சதா இருக்கணும். சைனா கார்ப்னா ஃப்ளோட் சீட் துளையையும் பாருங்க. பம்ப் வச்ச வண்டிக்குச் செஞ்சதுல துளை சின்னதா இருக்கும், டேங்க்லேர்ந்து தானா இறங்குற பெட்ரோலுக்கு 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குறைஞ்சா நீளமான ரோட்ல ரெண்டு கிலோமீட்டர்ல மூச்சு வாங்கும்.

ஒற்றியூர்_எம்20:
ஸ்லீவ் போட்டாச்சு, இடைவெளி 0.09. ஃப்ளாஞ்ச் தேய்ச்சாச்சு, ஹைலம் 6 மி.மீ., ஃப்ளோட்ல ஒரு ஓட்டை அடைச்சாச்சு. மெயின் 180, ஸ்லைடுல தொங்குற ஜெட் நீடில் ரெண்டாவது பள்ளம், ஸ்லைடு 6/4. ஐடிலிங் நிக்குது. வழியல. டியூனிங் எப்படி ஆரம்பிக்கறது?

மேக்னெட்டோ_மாமா:
மேலிருந்து கீழாக வாருங்கள்: மெயின், நீடில், கட்அவே, கடைசியில் பைலட். ஆக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி மூடியது, கால், அரை, முக்கால், முழுதும் என்று பேனாவில் கோடு போடுங்கள். கை எவ்வளவு திருகியிருக்கிறது என்பது ஓட்டும்போது ஊகத்தில் தெரியாது.

மெயின்: காலை 6 மணிக்குள் மாதவரம் உள்வட்டச் சாலை மாதிரி நீளமான இடம். முழு ஆக்சிலேட்டரில் ஒரு கிலோமீட்டர், அதே நிலையில் கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து ஓரம் கட்டி ப்ளக்கைக் கழற்றுங்கள். இப்போதைய பெட்ரோலில் பழைய புத்தகம் சொல்லும் காப்பிக்கொட்டை நிறம் வராது. இன்சுலேட்டரின் அடியில், உள்ளே, மெல்லிய சாம்பல் வளையம் இருந்தால் சரி. முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் 190.

நீடில்: கால் முதல் முக்கால் வரை. கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் ஏறும், ரிச். பைலட்டைக் கடைசியில், இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஏர் ஸ்க்ரூவில்.

ஒற்றியூர்_எம்20:
180-ல ப்ளக் வெள்ளை, 190-ல சாம்பல் வளையம் வந்துடுச்சு. நீடில் மூணாவது பள்ளத்துல நல்லா இழுக்குது. ஏர் ஸ்க்ரூ ஒண்ணே கால் சுத்து வெளியே. கேட்ல நின்னு ரெண்டு தடவை சோதிச்சேன், ரெண்டாவது கிக்ல எடுத்துச்சு. ஒரே ஒரு பாக்கி: மூடின நிலையிலேர்ந்து கால் வரைக்கும் திறக்கும்போது கார்ப் வழியா ஒரு தும்மல்.

லேத்_தண்டையார்பேட்டை:
அது கட்அவே. 6/4-ல அந்த 4 வெட்டோட உயரம், ஒரு அங்குலத்துல பதினாறுல நாலு பங்கு. 6/3 போட்டா வெட்டு குறையும், இழுப்பு கூடும், அந்த இடம் ரிச் ஆகும். ஆனா உங்க ஸ்லைடுல ஸ்லீவ் ஏறியிருக்கு, சும்மா மாத்த முடியாது. அதுக்கு முன்னாடி ஏர் ஸ்க்ரூவைக் கால் சுத்து உள்ளே திருகிப் பாருங்க. தும்மல் பாதியானா இன்னும் கொஞ்சம், ஐடிலிங் முரண்டு பிடிக்கிற வரைக்கும். அதுலயும் போகலன்னா பழைய ஸ்லைடு ஒண்ணு 6/3-ஆ தேடி எடுத்துட்டு பட்டறைக்கு வாங்க, ஸ்லீவ் அளவு குறிச்சு வச்சிருக்கேன்.

காசிமேடு_கிக்கர்:
16எச் ஸ்லைடும் அதே அளவுதானே? என்கிட்ட 6/3 ஒண்ணு சும்மா கிடக்கு.

லேத்_தண்டையார்பேட்டை:
உங்க கார்பும் 276, 1 அங்குலம்னா சேரும். பாடியில அடிச்சிருக்கிற நம்பரைப் பார்த்துட்டு சொல்லுங்க.